மணியக்காரரின் சுருட்டுப் பெட்டி

"வாத்தியாரே, ஐயா சுருட்டுப் பொட்டிய எடுத்தாரச் சொன்னாரு."

ஏழுமலை எங்கள் வாசலில் நின்று இதைச் சொன்னபோது மழை தூறிக்கொண்டிருந்தது. யூரியா சாக்கை மடித்துத் தலையில் முக்காடாகப் போட்டிருந்தார். உள்ளே வரவில்லை. வருகிற வழக்கமும் இல்லை. அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்துச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். அதை அணைத்துவிட்டு, "எதுக்கு? எல்லாம் நல்லாத்தான இருக்குது?" என்றார்.

"எனுக்கு இன்னா தெரியும்? எடுத்தாரச் சொன்னாரு. இப்பவே."

அப்பா எழுந்திருக்கவில்லை. அடுப்படியிலிருந்து அம்மா திரும்பிப் பார்த்தாள். மணியக்காரருக்குச் சுருட்டு வேண்டுமென்றால் அவரே சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்கு வருவார், அப்பா கையில் எடுத்துக்கொண்டு போவார். பெட்டியோடு கேட்டு ஆள் வந்தது அன்றைக்குத்தான்.

போன வாரம் இந்தத் தொடரில் நர்சிங் பள்ளி விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர், 'இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது ஊரில் மாட்டிக்கொண்டேன் என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே, அப்போது என்ன நடந்தது?' என்று கேட்டிருக்கிறார். வேண்டுமென்றுதான் தாண்டினேன். அதைச் சொல்லப் போனால் சுருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலை பார்த்த காலமெல்லாம் நெஞ்சு நோய் வார்டில் நின்றவள் நான். புகையிலைக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் இந்தக் கதையில் சுருட்டை எடுத்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது.

இரண்டு வீடு, ஒரு பெட்டி

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் வழியில் இருக்கிறது. மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. அப்பா சவரிமுத்து, ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எங்கள் வீடு காலனியில், கூரை வீடு.

மணியக்காரர் ஊர்த்தெருவில் பெரிய குடும்பம். கரும்பும் நெல்லும் விளைகிற நிலம். மணியக்காரர் வேலையை அரசாங்கம் எடுத்துவிட்ட பிறகும் ஊர் அவரை அப்படித்தான் கூப்பிட்டது. அவரும் வேறு பெயரில் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். ஏழுமலை அவர் வீட்டுப் பண்ணையாள். அதே ஜாதிதான்; ஆனால் கையகல நிலம்கூடக் கிடையாது.

மணியக்காரருக்கும் அப்பாவுக்கும் சுருட்டில்தான் பழக்கம். இருவருக்கும் திருச்சிப் பக்கத்துச் சுருட்டுதான் பிடிக்கும். அது பஸ் கண்டக்டர் கையில் உளுந்தூர்பேட்டைக்கு வந்து, அங்கே பஸ் மாறிக் கள்ளக்குறிச்சி வந்து சேரும். மணியக்காரர் மனைவிக்கு அந்த வாடையே ஆகாது, சாமி கும்பிடுகிற வீட்டில் அது நுழையக்கூடாது என்று கண்டிப்பு. ஊரையே அதட்டுகிறவர் அந்த அம்மாளிடம் வாயைத் திறக்க மாட்டார். அதனால் சுருட்டுக் கட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது.

சாயங்காலம் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் அவர் பெஞ்சில் உட்காருவார். அப்பா படியில் உட்காருவார். ஆளுக்கு ஒன்று பற்றவைத்துக்கொண்டு மழை, கரும்பு வெட்டு, பிள்ளைகள் படிப்பு என்று பேசுவார்கள். பேச்சே இல்லாமல் புகைவிட்டுக்கொண்டிருந்த நாட்களும் உண்டு. அந்த நாட்களில்தான் அப்பா அதிக சந்தோஷமாக வீட்டுக்கு வருவார்.

பாச்சை உருண்டை

சுருட்டை வீட்டில் வைத்துக் காப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பச்சைக் குழந்தையை வளர்ப்பது மாதிரி. காற்றில் ஈரம் குறைந்தால் மேல் இலை வெடித்து உதிரும். ஈரம் கூடினால் நமுத்துப்போய் இழுக்க வராது, அப்புறம் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டாம். மழைக்காலம் வந்தால் மலையிலிருந்து இறங்குகிற ஈரக்காற்றில் தீப்பெட்டிகூடப் பற்றாது.

அப்பா முதலில் அடுப்படிப் பரணில் வைத்தார். அனலில் வெடித்தது. அரிசிப் பானைக்குள் புதைத்தார். அரிசி ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டது, சோறு சுருட்டு நாறியது, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பிஸ்கட் டின்னில் ஈரத்துணி சுற்றி வைத்தார். ஒரே வாரத்தில் பூஞ்சை.

சுருட்டைத் துளைக்கிற பூச்சிக்குப் பயந்து ஒருமுறை பாச்சை உருண்டை போட்டுவைத்தார். அன்று மணியக்காரர் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு இருமிய இருமலில் பள்ளிக்கூடப் புறாக்கள் எல்லாம் பறந்தன.

"இன்னா வாத்தியாரே, இது சுருட்டுப் பொட்டியா, உம் பொண்டாட்டி பொடவப் பொட்டியா?"

அப்பா அதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

கல்லுப்பு

கடைசியில் கை கொடுத்தது சமையலறைக் கல்லுப்புதான். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர் விட்டுக்கொள்வதையும் வெயிலில் கட்டி தட்டிப்போவதையும் பார்த்து அப்பாவுக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு கொட்டாங்குச்சியில் கல்லுப்பைப் போட்டு, கூழ் பதத்துக்கு வரும்வரை தண்ணீர் தெளித்து, பெட்டியின் ஒரு மூலையில் வைத்தார். உப்பு சுருட்டில் படக்கூடாது. காற்று காய்ந்தால் உப்பு ஈரத்தை விடும். ஈரம் ஜாஸ்தியானால் தானே இழுத்துக்கொள்ளும். மழை நாளில் தேங்குகிற நீரை வடித்துவிட வேண்டும், கோடையில் தெளிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் மறக்காமல் செய்ய வேண்டும்.

பெட்டி சந்தனவேம்பில் செய்தது. மலையிலிருந்து இறங்கிய பலகை, கச்சிராயபாளையத்து ஆசாரி இழைத்துக் கொடுத்தார். மூடி இறுக்கமாக உட்காரும். அதை அப்பா தண்ணீர்ப் பானை மூலையில் வைத்திருந்தார். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். வாரம் ஒருமுறை ஒரு சுருட்டை எடுத்துக் காதருகே வைத்து மெல்ல அமுக்குவார். சத்தம் கேட்டால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அமுக்கின பள்ளம் அப்படியே நின்றால் ஈரம். பள்ளம் தானே எழும்பி வந்தால் முகத்தில் ஒரு திருப்தி வரும்.

மணியக்காரர் மெத்தை வீடு கட்டி மின்விசிறி போட்ட பிறகு, வீட்டம்மாவுக்குத் தெரியாமல் ஒரு கட்டுச் சுருட்டை அங்கே வைத்துப் பார்த்தார். எல்லாம் சருகாகிவிட்டது. "உன் வூட்லதான் வாத்தியாரே சுருட்டு உசுரோட இருக்குது" என்று திரும்ப அனுப்பிவிட்டார். அப்பாவுக்கு அதில் பெருமை.

அம்மா அன்றைக்குச் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "நம்ம வூட்டுத் தண்ணிய அவரு தொட மாட்டாரு. அந்தத் தண்ணியில பதமான சுருட்டு மட்டும் வாயில படலாமா?"

"சும்மா இரு" என்றார் அப்பா.

உண்மை அதுதான். எத்தனை வருஷப் பழக்கம், ஒரு டம்ளர் தண்ணீர் எங்கள் வீட்டிலிருந்து அவருக்குப் போனதில்லை. அவர் கேட்டதில்லை, அப்பா கொடுத்ததில்லை. இரண்டு பேருமே அதைப் பற்றி நினைக்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

ரோட்டில் விழுந்த மரங்கள்

நான் விடுதியிலிருந்து லீவில் வந்திருந்தேன். திரும்பிப் போகிற நாளன்று பஸ் இல்லை. ரோடு முழுக்கப் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். சில இடத்தில் பாலத்தை உடைத்திருந்தார்கள், தார் ரோட்டைக் குறுக்கே வெட்டியிருந்தார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் வரிசையாக நின்று தக்காளி அழுகுகிறது என்று நடந்து வந்தவர்கள் சொன்னார்கள். ஊருக்குள் ஒரு சத்தமும் இல்லை. வெட்டின பச்சை மரத்தின் வாசனை மட்டும் மழையோடு வந்துகொண்டிருந்தது.

மறியலில் இறங்கியது மணியக்காரர் ஜாதிக்காரர்கள். படிப்பிலும் வேலையிலும் தங்களுக்கென்று ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்டார்கள். அதில் நியாயம் இல்லை என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. அவர் வகுப்பில் அந்தத் தெருப் பிள்ளைகளும் இருந்தார்கள். பாதியில் படிப்பை விட்டுக் கரும்பு வெட்டப் போனவர்கள் அவர்களிலும் உண்டு. ஆனால் கூட்டத்தில் சில பேருக்கு ரோட்டைவிட எங்கள் தெரு கிட்டத்தில் இருந்தது. அங்கங்கே காலனி வீடுகளுக்கு நெருப்பு வைத்ததாகச் செய்தி வந்துகொண்டிருந்தது. எது உண்மை, எது புரளி என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் தெருவில் பாதிப் பேர் மலையடிவாரத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே கோமுகி அணைக்கு மேலே, அப்பாவிடம் படித்த ஒரு மலைக்காரப் பையனின் குடும்பம் இருந்தது. வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். அம்மா மூட்டைகூடக் கட்டிவிட்டாள். அப்பா நகரவில்லை.

"அவரு பொருளு நம்ம வூட்ல இருக்கிற வரைக்கும் ஒருத்தனும் கிட்ட வர மாட்டான்" என்றார்.

"சுருட்ட நம்பிக்கினா உக்காந்துக்கினு இருக்கீங்க? வயசுப் பொண்ணு வூட்ல இருக்குது."

"சுருட்ட நம்பல. அவர நம்பறேன்."

அம்மா மூட்டையைக் கதவோரம் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். எனக்கும் பயம்தான். இருந்தாலும் அப்பா பக்கம்தான் நான் பேசினேன். அவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னது எனக்கும் தெம்பாக இருந்தது.

பெட்டி போனது

அந்த நிலையில்தான் ஏழுமலை வந்து நின்றார்.

அப்பா கடைசியில் எழுந்து போய்ப் பெட்டியை எடுத்தார். மூடியைத் திறந்து ஒன்றை அமுக்கிப் பார்த்தார். மழை நாட்கள், கொட்டாங்குச்சியில் நீர் தேங்கியிருந்தது. அதை வாசலில் வடித்துவிட்டு வேட்டி நுனியால் துடைத்தார்.

"ஐயாகிட்ட சொல்லு ஏழுமல. உப்பு தண்ணி விட்டுக்கினா வடிச்சிடணும். ஆட்டாம எடுத்துக்கினு போ, உப்பு மேல பட்டுதுன்னா..."

"அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம் வாத்தியாரே."

ஏழுமலையின் கண் எங்கள் கூரையில் ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு கதவோரத்து மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெட்டியைச் சாக்குக்குள் மூடிக்கொண்டு வேகமாகப் போனார்.

அப்பா வெறும் கையோடு நின்றார். அம்மா மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அவரு சாமான அவரு எடுத்துக்கினாரு. நம்ம சாமான நாம எடுத்துக்கலாம். கெளம்புங்க."

அப்பாவும் கிளம்பினார். கரும்புக் காட்டு வரப்பு வழியாக நடந்தோம். ஓரிடத்தில் வழுக்கி விழுந்தார், நான்தான் தூக்கினேன். மலைப்பாதையில் ஏறும்போது அம்மா திரும்பிப் பார்த்து நின்றுவிட்டாள். எங்கள் ஊர்ப் பக்கமிருந்து புகை வந்துகொண்டிருந்தது. மழை ஈரத்தில் அது மேலே போகாமல் கரும்பு மேலேயே படுத்துக் கிடந்தது. யார் வீடு என்று அங்கிருந்து தெரியவில்லை. அம்மா மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். மேலே நடந்தோம்.

அப்பா நன்றி சொன்னார்

நாங்கள் திரும்பி வந்தபோது எங்கள் வீடும் பக்கத்து வீடுகளும் எரிந்திருந்தன. சுவர் மட்டும் நின்றது. தண்ணீர்ப் பானை மூலையில் பானைகள் வெடித்துக் கிடந்தன. பள்ளிக்கூடத்தை ஒன்றும் செய்யவில்லை. அதிலேயே கொஞ்ச காலம் குடியிருந்தோம்.

ஒரு சாயங்காலம் மணியக்காரர் வந்தார். பின்னால் ஏழுமலை பெட்டியோடு வந்து பெஞ்சில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். அப்பா கை கூப்பிக்கொண்டு எழுந்தார். அவர் அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நீங்க பொட்டிய எடுக்க ஆள் அனுப்பலன்னா, நாங்க மூணு பேரும் உள்ளயே இருந்திருப்போங்க. கடவுள் மாதிரி சொல்லி அனுப்பினீங்க."

மணியக்காரர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி வாத்தியாரே. வுடு" என்றார்.

அவர் தன்னடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்தேன்.

இதைப் பற்றி எங்கள் வீட்டில் சண்டை ஓயவே இல்லை. "எச்சரிக்கதான் குடுத்தாரு. வாயத் தொறந்து சொல்ல முடியுமா? அவரு ஆளுங்க அவர வுட்டு வச்சிருப்பாங்களா?" என்பார் அப்பா. "சுருட்டு வெந்துடும்னு எடுத்துக்கினாரு. நம்மள இல்ல" என்பாள் அம்மா. ஏழுமலை மேல் அம்மாவுக்கு இன்னும் அதிகக் கோபம். வீடு எரியப்போகிறது என்று தெரிந்தும் சுருட்டை மட்டும் தூக்கிக்கொண்டு போன ஆள் என்று, வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மண்சுவரில் இருந்த குளிர்ச்சி அதில் கிடையாது. கோடையில் கொட்டாங்குச்சி மதியத்துக்குள் காய்ந்துவிடும். அப்பா பெட்டியைச் சுற்றி ஈரமணல் கொட்டி, பள்ளிக்கூட இடைவேளையில் ஓடிவந்து தண்ணீர் தெளித்துவிட்டுப் போவார். மணியக்காரர் சாகும்வரை அவருடைய சுருட்டு ஒன்றுகூட வெடிக்கவில்லை. அப்பா தன் சாவு வரைக்கும் தினம் ஜெபமாலை முடிவில் மணியக்காரர் பெயரைச் சொல்லி ஒரு மன்றாட்டு வைத்தார்.

எனக்கோ எது உண்மை என்று தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. அந்த மனிதருக்கு என் அப்பா சிநேகிதரா, சுருட்டு வைக்கிற இடமா? கேட்பதற்கு ஆளும் இல்லை, தைரியமும் இல்லை.

வார்டில்

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு ஏழுமலையை எங்கள் வார்டில் சேர்த்தார்கள். எலும்பும் தோலுமாக, மூச்சுக்குத் திணறிக்கொண்டு. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. வாத்தியார் மகள் என்றதும் கண்ணை அகலத் திறந்து, "நர்சு வேலைக்கிப் படிச்ச பொண்ணா?" என்றார்.

மூச்சு கொஞ்சம் சீரான ஒரு பகலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "அன்னிக்கிப் பொட்டிய எடுத்தாரச் சொல்லி மணியக்காரரு இன்னா சொல்லி அனுப்புனாரு? எங்களப் பத்தி எதனா சொன்னாரா?"

ஏழுமலை மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு அனுப்பலம்மா."

எனக்குப் புரியவில்லை.

"நானும் ரோட்ல மரம் அறுத்துக்கினுதான் இருந்தேன். பசங்க பேசிக்கினாங்க, சாயங்காலம் உங்க தெருவுக்குப் போறதுன்னு. ஓடியாந்து ஐயாகிட்ட சொன்னேன். வாத்தியாரு வூட்ல பொண்ணு கீதுங்கன்னேன். அவரு ஒண்ணும் பேசல. துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கினு உள்ள போயிட்டாரு."

இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"சும்மா உங்க தெருவுக்குள்ள வந்தன்னா எங்காளுங்க எதுக்குப் போனன்னு கேப்பானுங்க. ஐயா சுருட்டு எடுக்கப் போறேன்னு சொன்னா எவனும் ஒண்ணும் கேக்க மாட்டான். உங்கப்பாவும் நான் சொன்னா நம்ப மாட்டாரு. பொட்டிய எடுத்துட்டா கெளம்புவீங்கன்னு பட்டுது."

"அவரு கேக்கலயா, பொட்டிய எதுக்கு எடுத்தாந்தன்னு?"

"கேட்டாரு. யார்ரா சொன்னதுன்னாரு. நீங்கதாங்கன்னேன். என்னயே பாத்துக்கினு நின்னாரு. ரொம்ப நேரம். அப்பறம், உப்பு தண்ணி வுட்டுக்கப்போவுது, வடிச்சு வைய்யின்னாரு. அவ்ளோதாம்மா."

பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் அப்பா கை கூப்பி நின்றதும், தள்ளி நின்று இந்த மனிதர் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததும் கண்முன் வந்தன.

"எங்கப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக்கூடாதா?"

"சொல்லி? அந்த ஊர்ல உங்கப்பாவுக்கு அவரு ஒருத்தருதான. அதயும் நான் எடுத்துடணுமா?"

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்கு முட்டி வலி. கோயிலுக்குப் போவதைக்கூட விட்டிருந்தாள். கேட்டு முடித்ததும் சுவரைப் பிடித்து எழுந்து முடியை அள்ளி முடிந்துகொண்டாள்.

"எந்த வார்டுல இருக்கறான்?"

"காலையில போலாம்மா."

"இப்பவே."

ஆட்டோ பிடித்துப் போனோம். பார்வையாளர் நேரம் முடிகிற சமயம். அம்மாவைப் பார்த்ததும் ஏழுமலை பதறி எழுந்து உட்காரப் பார்த்தார். அம்மா அவர் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தாள். பெயர் சொல்லித்தான் அவரை எப்போதும் கூப்பிட்டிருக்கிறாள், அதுவும் தேவைப்பட்டால்.

"தம்பி" என்றாள். "உனுக்குச் சேரவேண்டிய ஜெபத்த எல்லாம் எங்க வூட்டுக்காரு வேற ஆளுக்குச் சொல்லிட்டாருப்பா."

ஏழுமலை போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்தாள்.